கழிப்பறைக் கதவில் பூத்த ஆங்கிலம்

எங்கள் ஆஸ்பத்திரியின் கழிப்பறைக் கதவுகளுக்குப் பின்னால் ஓர் அட்டவணை தொங்கும். சுத்தம் செய்தவர் மணிக்கு ஒரு முறை அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் அதைப் பார்த்து எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பத்து மணிக் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'ஹார்ட்', பதினொன்றுக்கு 'டியர்ஸ்', பன்னிரண்டுக்கு 'அலோன்' என்று தமிழ் எழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. வேலை நேரத்தில் என்ன விளையாட்டு என்று, சுத்தம் செய்யும் அக்காவைக் கூப்பிட்டேன்.

அடையாறில் அந்த ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசைக்கு நான்தான் பொறுப்பு. அக்கா துப்புரவுப் பணியாளர். கோட்டூர்புரம் குடியிருப்பிலிருந்து நடந்தே வருவார். பினாயில் பட்டுப் பட்டு அவர் விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். கையுறை போட்டாலும் எரியும். இந்த வேலையை விடாவிட்டால் கை ஆறாது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது மாடியில் நோயாளிகளுக்கு உதவியாளர் வேலை காலியாக இருந்தது. ஆனால் அங்கே பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். ஆங்கிலம் பேச வேண்டும்.

அதனால்தான் பாட்டு. சினிமாப் பாட்டில் வரும் ஆங்கில வார்த்தைகளை அவர் மணிக்கு ஒன்றாகப் பிடித்துவைத்தார். மருந்துக் கடைப் பையனோ ஸ்கேன் அறை நர்ஸோ, எதிர்ப்பட்டவரிடம் அர்த்தம் கேட்டுக்கொள்வார். அடுத்த ரவுண்டில் கையெழுத்துப் போடும்போது முந்தைய வார்த்தைகளையும் முணுமுணுப்பார். "புக்குல படிச்சா பூடுது மேடம். பாட்டுல வந்தா உள்ள குந்திக்கினு எழுந்துக்க மாட்டேங்குது" என்றார். என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மூன்றாவது மாடி வேலைக்கு அக்காவுக்குத் தேர்வு வைத்தவளும் நான்தான். படிவத்தைப் பூர்த்தி செய்யும்படி ஆங்கிலத்தில் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனைக்கு எங்கே போவதென்று வழி சொல்லுங்கள் என்றெல்லாம் கேட்டேன். அக்கா விழித்தார். "இதெல்லாம் எந்தப் பாட்டுலயும் வர்லியே மேடம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே 'ஆங்கிலம் போதாது' என்று எழுதி மேலே அனுப்பியும் விட்டேன். என்ன ஜென்மமோ நான்.

அடுத்த வாரம் ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணி நேரமாகியும் அறுவை அரங்கின் கதவு திறக்கவில்லை. நான் மூன்று முறை போய், தாமதத்துக்கான காரணங்களை இலக்கண சுத்தமாக எடுத்துச் சொன்னேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா மாப்பைச் சாய்த்துவைத்தார். கையுறையைக் கழற்றினார். பணியாளர்கள் உட்காரக் கூடாத நாற்காலியில் உட்கார்ந்து, வெடித்த அந்தக் கையால் அவர் கையைப் பிடித்தார்.

"யூ நோ அலோன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "டியர்ஸ் ஓகே. ஐ ஸ்டே."

அந்தப் பெண்மணி அக்காவின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். படிவமும் பரிசோதனையும் வராத பாட்டுகளில் அழுகையும் தனிமையும் கூட இருத்தலும் மட்டும் எப்படி அத்தனை வந்தன? அந்த வாசலில் வேறு எது வேண்டியிருந்தது? கணவர் பிழைத்துக்கொண்டார். கதவு திறக்கும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மேலாளரிடம் போய், அந்த உதவியாளர் வேலையை அக்காவுக்கே கொடுங்கள் என்று நின்றேன். போதாதென்று எழுதியது நீதானே என்று தாளைக் காட்டினார். "ஆமாம் சார். அக்கா மேல் தப்பில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு" என்றேன்.

அக்கா மூன்றாவது மாடிக்குப் போய் ஆறு வருஷமாகிறது. கை ஆறிவிட்டது. இப்போதும் அந்த வேலைக்கு ஆள் எடுக்கத் தேர்வு வைப்பது நான்தான். கடைசிக் கேள்வி மட்டும் மாறிவிட்டது: அறுவை அரங்குக்கு வெளியே தனியாகக் காத்திருப்பவரிடம் என்ன சொல்வீர்கள்? பட்டம் வாங்கிய பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு அதைத் திருத்தும் தகுதி இல்லை. மதிப்பெண் போடுவது அக்காதான்.