பத்தரைக்கு டாக்டர் பார்ப்பார்

அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அழைத்து வந்த பதினெட்டாம் நாள், குளிக்க வைக்கும்போது தையலின் அடிப்பகுதி சிவந்திருப்பதைப் பார்த்தேன். ஐந்து காசு அகலம்தான் இருக்கும்.

"வலிக்குதாப்பா?"

"ஒண்ணுமில்ல. சட்ட உரசியிருக்கும்" என்றார்.

மறுநாள் அது இருபது காசு அகலத்துக்கு வந்துவிட்டது. தொட்டால் சூடாக இருந்தது. அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் சமையலறைக்குப் போய் மருத்துவமனைக்குப் போன் அடித்தேன். பேசிய தாதி பொறுமையானவர். நாளைக் காலை பத்தரை மணிக்கு டாக்டர் வீடியோவில் புண்ணைப் பார்ப்பார், பார்த்துவிட்டு நேரில் கொண்டுவர வேண்டுமா இல்லையா என்று சொல்வார், ஆனால் படம் தெளிவாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கொண்டு வந்துவிடுங்கள் என்றார்.

கொண்டு போவது பெரிய வேலையில்லை. அப்பாதான் போக மாட்டார். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனக் கிழவருக்கும் இப்படித்தான் தையலின் கீழே சிவந்தது. ஒரு காலையில் அவரை மறுபடியும் ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டிலுக்கு அவர் திரும்பி வரவில்லை. என்ன ஆனார் என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்று அப்பா சொன்னது ஒன்றுதான்: "திரும்ப அங்க கூட்டிட்டுப் போயிராத."

என் கைத்தொலைபேசி வேலையிடத்தில் கீழே விழுந்ததிலிருந்து அதன் கேமராவில் எல்லாம் புகைக்குள் இருப்பதுபோலத்தான் தெரியும். அதனால் அன்று மாலையே சுங்கை பட்டாணிக்குப் போய், கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த டேப்லட் ஒன்றை வாங்கி வந்தேன்.

காலை ஒன்பதரைக்கு அதைத் திறந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். வழக்கமாக ஒன்பது மணிக்கு அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். அன்று நான் விடவில்லை. கூடத்தில் சாய்வு நாற்காலியில், நெஞ்சில் சின்னத் தலையணையை அணைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் வந்தால் நெஞ்செலும்பு அசையாமல் இருக்க அந்தத் தலையணையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் வீடு பீடோங்கில் ஒரு தாமானில், அந்தக் குடியிருப்பின் கடைசி வரிசை. வீட்டுக்கு வைஃபை எடுத்துப் போட்டவன் என் தம்பி. அவன் வீட்டைவிட்டுப் போன பிறகு மூன்று வருடம் அதை யாரும் தொடவில்லை. போன வாரம் இடி இடித்ததில் மோடம் கருகிவிட்டது. ஆள் வந்து புது மோடம் மாட்டி, என் போனை அவரே இணைத்துக் கொடுத்து, பாஸ்வேர்டை ஒரு ரசீதின் பின்பக்கம் பேனாவில் கிறுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ரசீதைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்தேன். பாஸ்வேர்ட் தவறு என்று வந்தது. நடுவில் ஒரு வட்டம் இருந்தது. அது 'ஓ'வா, சைபரா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு கோடு. அது ஒன்றா, சின்ன 'எல்'லா, பெரிய 'ஐ'யா? மாற்றி மாற்றி அடித்தேன். தவறு. தவறு. தொழில்நுட்ப ஆளுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. என் போனிலிருந்து இணைப்பைப் பகிர்ந்து பார்த்தேன். வீட்டுக்குள் எங்களுக்குப் போன் லைன் எப்போதும் தள்ளாடும். சோதனைக்குத் திறந்த வீடியோ சுற்றிக்கொண்டே நின்றது.

"ஆகலியா?" என்றார் அப்பா.

"ஆயிரும்பா."

மணி பத்தாகியிருந்தது. அவசரத்தில் எழுத்துகள் தப்பாக விழுந்தன. மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்று வைஃபைப் பட்டியலைத் திறந்தேன். எங்கள் பெயர் மேலே இருந்தது. அதற்குக் கீழே பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள், எதிர்வீடு. அதற்கும் கீழே, இரண்டு கோடு லைனோடு, Tiga Suku 75 என்று இருந்தது.

மலாயில் அதற்கு முக்கால் என்று அர்த்தம். கொஞ்சம் கழன்றவன் என்று திட்டுவதற்குச் சொல்வது. சின்ன வயதில் என் தம்பி எதைச் செய்தாலும் அப்பா அவனை அப்படித்தான் திட்டுவார். அவன் முதன்முதலில் நல்ல போன் வாங்கியபோது, "அப்பா வச்ச பேரு" என்று சிரித்துக்கொண்டே தன் ஹாட்ஸ்பாட்டுக்கு அதையே வைத்து, பக்கத்தில் எழுபத்தைந்தையும் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு லைன் வருவதற்கு முன் ஒன்றரை வருடம் நான் அதில்தான் ஓட்டினேன்.

ஹாட்ஸ்பாட் லைன் அதிக தூரம் எட்டாது. என் தம்பி எங்கள் வீட்டுக்கு வெளியே எங்கோ இருக்கிறான்.

எழுந்து ஜன்னல் துணியைக் கொஞ்சம் விலக்கினேன். பூப்பந்து மைதானத்து ஓரம், மரத்தடியில் ஒரு சாம்பல் நிறக் காடி நின்றது. காரின் கண்ணாடி கருப்பு. உள்ளே யார் என்று தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் ஒரு பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றான். அவன் கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்யும் தொழிற்சாலையில் அவளும் வேலை செய்தாள். விவாகரத்தானவள், நான்கு வயதில் ஒரு மகள். அப்பா சொன்னது எனக்கு இன்றும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "ஒனக்கு வேணும்னா கட்டிக்க. அடுத்தவன் பிள்ளய என் வீட்டுக்குள்ள கொண்டாராத." தம்பி, "பிள்ள வராத வீட்டுக்கு நானும் வரல" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். ஆபரேஷன் பற்றி அவனுக்குச் செய்தி அனுப்பினேன். 'சரிக்கா' என்று பதில் வந்தது, அவ்வளவுதான். அதற்காக அவன் மேல் எனக்குக் கோபம் இருந்தது.

பத்து பதினைந்து. அவன் ஹாட்ஸ்பாட்டைத் தொட்டால் பாஸ்வேர்ட் கேட்கும். பழைய பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும்: முன்பு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் இரண்டு இலக்க எண்ணை நான்கு முறை அடிக்க வேண்டும். அவன் மாற்றியிருக்கலாம். மாற்றாமல் இருந்து நான் ஏறிவிட்டால் அவன் போனில் தெரிந்துவிடும். யார் என்று பார்ப்பான். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் காடியை எடுத்துக்கொண்டு போய்விட்டால், இருக்கும் லைனும் போய்விடும். ஓடிப்போய்க் கேட்கலாம் என்றால், கதவைத் திறந்து வெளியே வரும் என்னைப் பார்த்தாலும் அதேதான் நடக்கும். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். சட்டையின் மேல் பட்டன்களை அவரே கழற்றி வைத்துத் தயாராக இருந்தார். அந்தச் சிவப்பு, ராத்திரியோடு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

எட்டு இலக்கத்தையும் அடித்தேன்.

உடனே ஏறியது.

பத்தரைக்குச் சரியாக அழைப்பு வந்தது. டாக்டர் இளம்பெண். மலாயில் நிதானமாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா, சீழ் வருகிறதா, பக்கத்தில் லேசாக அழுத்துங்கள், இன்னும் கிட்டே காட்டுங்கள். நான் டேப்லட்டை அப்பாவின் நெஞ்சருகே பிடித்துக்கொண்டு, அதன் மேல் ஓரத்தில் இருந்த லைன் அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கோடு. வெளியே ஏதோ வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கோடு ஒன்றானது. டாக்டரின் முகம் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"என்னாச்சு?" என்றார் அப்பா.

"இருங்கப்பா."

எதிர்வீட்டு மோட்டார் சைக்கிள்தான் அது. சத்தம் தெருமுனை தாண்டிப் போனது. டாக்டர் மறுபடி அசைந்தார். பிறகு படம் முன்பைவிடத் தெளிவாக வந்தது, கடைசிவரை நிற்கவே இல்லை. மேல்தோலில்தான் கிருமி, உள்ளே போனதாகத் தெரியவில்லை என்றார் டாக்டர். மருந்தைப் பக்கத்து கிளினிக்கிலேயே எடுத்துக்கொள்ளலாம், வியாழக்கிழமை இதேபோல் மறுபடி காட்ட வேண்டும், காய்ச்சல் வந்தால் மட்டும் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும். அப்பா "தெரிமா காசே, டாக்டர்" என்று இரண்டு முறை நன்றி சொன்னார்.

அழைப்பு முடிந்ததும் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். காடி அங்கேயே நின்றது. நான் கிட்டே போகும்போதே கண்ணாடி இறங்கியது. தம்பி மெலிந்திருந்தான். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"வீட்டு லைனுக்கு என்னக்கா ஆச்சு?" என்றான், நேற்றுத்தான் பேசி முடித்த மாதிரி.

சொன்னேன். புண்ணைப் பற்றியும் டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாந்தான்னு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டேன்.

"பாப்பா படம் நிக்குதுன்னு கத்துச்சு. பாத்தா ரெண்டு பேரு ஏறியிருக்கு. அந்த நம்பர் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான் லா. ஏதோ அவசரம்னு படத்த ஆஃப் பண்ணச் சொல்லிட்டேன்."

பின் இருக்கையில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி, மடியில் அணைத்துவைத்த டேப்லட்டோடு என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிருவியோன்னு பயந்துகிட்டே இருந்தேன்டா."

"எங்க போறது. அப்பா ஒம்போது மணிக்கு வெளிய வந்து உக்காருவாருல்ல. பாத்துட்டுப் போயிருவேன். இன்னிக்கு வரல. அதான் நின்னுட்டேன்."

"எத்தன தடவ வந்திருக்க?"

"இது நாலாவது. நைட் ஷிப்ட் முடியற நாள்ல வருவேன். இன்னிக்கு ஸ்கூல் லீவு, பாப்பாவும் கூட வந்திருச்சு."

எனக்கு இத்தனை நாளாக இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "பசியாறினியா?" என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவன் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண், "அப்பா, டாய்லட் போகணும்" என்றாள்.

"கொஞ்சம் பொறு. பெட்ரோல் ஸ்டேஷன்ல போலாம்."

"இப்பவே வருது."

நான் பின்கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்தேன். "அக்கா, வேணாம்" என்றான் தம்பி. நான் நிற்கவில்லை. வாசல் வரைக்கும் தைரியமாகத்தான் நடந்தேன். படியேறும்போதுதான் அப்பா நினைவுக்கு வந்தார். ஆபரேஷன் ஆன மனிதர், ஒரு பெரிய சத்தம்கூடப் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி பிள்ளப்பா" என்றேன்.

நான் பாத்ரூமைக் காட்டிவிட்டுக் கதவருகே நின்றேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போன பஸ்ஸை முப்பது வருடம் ஓட்டியவர் அப்பா. பிள்ளைகளிடம் கடுகடுத்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் இது அவர் வேண்டாம் என்ற பிள்ளை.

வெளியே வந்த பெண், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, மேசைமேல் இருந்த டேப்லட்டைப் பார்த்தாள். "இது என்னோடத விட பெருசு" என்றாள்.

"பெருசா இருந்து என்ன," என்றார் அப்பா. "ஒங்கத்தைக்கு அதுல லைன் ஏத்தத் தெரியல. காலையிலேருந்து போராடுறா. ஒங்கப்பாவ வரச் சொல்லு."

அவள் ஓடினாள். நான் அப்பாவைப் பார்க்க, அவர் தலையணையைச் சரிசெய்தபடி, "எவன் லைன்ல டாக்டரப் பாத்தேன்னு எனக்குத் தெரியாதா? நான் வச்ச பேருதான அதுல இருந்துச்சு. கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான உக்காந்திருந்தேன்" என்றார்.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நேராக மோடத்திடம் போனான். அதைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தன் போனில் படம் எடுத்தான். அப்படி ஒரு ஸ்டிக்கர் இருப்பதே எனக்குத் தெரியாது. படத்தைப் பெரிதாக்கி, பார்த்துப் பார்த்து அடித்தான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "வட்டம் ஓ இல்லக்கா, க்யூ. அவரு வால் போடாம எழுதியிருக்காரு" என்றான். அந்த நேரத்தில் அப்பாவுக்கு இருமல் வந்தது. தலையணை கைநழுவிக் கீழே விழுந்தது. நான் எடுக்கக் குனிவதற்குள் தம்பி எடுத்து அப்பாவின் நெஞ்சில் வைத்து, உள்ளங்கையால் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் அழுத்து" என்றார் அப்பா.

அழுத்தினான். இருமல் அடங்க நேரமானது. அது வரைக்கும் கையை எடுக்கவில்லை. அந்தப் பெண் மைலோ குடித்து முடித்ததும் கிளம்பிவிட்டார்கள்.

புண் ஆற இன்னும் மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொரு காலையும் சட்டையைத் திறந்து அந்தச் சிவப்பை விரலால் அளந்து பார்ப்பேன். காய்ச்சல் வரவில்லை. திரும்ப மருத்துவமனையில் படுக்க வேண்டி வரவில்லை.

அன்று அவர்கள் போன பிறகு நான் மருந்து வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு அவரைப் பார்க்கத்தான் தம்பி வந்து நின்றான் என்று சொல்லியிருந்தேன். அப்பா வாசலுக்கு நாற்காலியைக் கொண்டுபோகச் சொன்னார். உட்கார்ந்து, காலியாகக் கிடந்த மரத்தடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன தடவ வந்தானாம்?"

"இதோட நாலுப்பா."

"போன வாரம் இடி இடிச்சு ஊத்துச்சே, அன்னிக்கும் அங்கதான் நின்னானா?"

"தெரியலப்பா. கேக்கல."

"வரட்டும், கேளு" என்றார்.