கெட்டி ஆயில் கட்சி

நோயாளியின் வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் நுழைந்த பிறகுதான் பல் டாக்டர் பேச்சை எடுப்பார். "பழைய டீசல் வண்டிக்குக் கெட்டி ஆயில்தானே நல்லது?" மல்லாந்து கிடப்பவர் "ஆ" என்பார். வேறென்ன சொல்ல முடியும்? டாக்டருக்கு அது போதும். "பாத்தீங்களா, நீங்களும் அதையேதான் சொல்றீங்க."

அவருடைய காருக்கு நல்ல வயது. அவர் வாயில் அது 'பெரியவர்'. வயதானவருக்குக் கனமான போர்வை, வயதான எஞ்சினுக்குக் கனமான ஆயில். இது அவர் சித்தாந்தம். கடையில் இருந்ததிலேயே கெட்டியானதை, தேன் மாதிரி நூல் இழுப்பதை, வாங்கி ஊற்றிவிட்டார். அன்று முதல் காலையில் சாவியைத் திருப்பினால் பெரியவர் முக்குகிறார், முனகுகிறார், ஆற அமர யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.

முன்னறையில் டோக்கன் கொடுக்கும் மனைவி எதிர்க்கட்சி. வண்டியோடு வந்த புத்தகத்தில் பதினைந்து-நாற்பது ரக ஆயில் என்று அச்சாகியிருக்கிறதே, அதை ஊற்றினால் குடியா முழுகிப்போகும் என்பது அந்த அம்மாவின் கேள்வி. மறுநாள் விடியற்காலை மலைமேல் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். வண்டி முனகினால் தான் பஸ் ஏறிவிடுவதாகவும், டாக்டர் இங்கேயே பெரியவருக்குத் துணையிருக்கலாம் என்றும் இன்று காலையிலேயே அறிவித்தாயிற்று.

அன்றைக்கென்று பார்த்துக் கடைவாய்ப்பல் ஈறு வீங்கி ஒரு மெக்கானிக் வந்தார். லாரி எஞ்சினையே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுகிறவர், ஊசியைக் கண்டதும் நாற்காலியின் கைப்பிடியைக் கட்டிக்கொண்டார். டாக்டருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மகிழ்ச்சி. ஊசி போட்டு, வாய் மரத்ததும், கண்ணாடியை உள்ளே விட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

மெக்கானிக் "ஆ" என்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, பாதி உதட்டால் பேசினார்.

"உத்தகத்துல என்ன ஓட்டிருக்கோ அதை ஊத்துங்க."

மரத்த நாக்கின் மொழி மற்றவர்களுக்குக் கொழகொழப்பு. பல் டாக்டருக்கோ தாய்மொழி. மேற்கொண்டு வந்த பேச்சும் ஒரு எழுத்துப் பிசகாமல் புரிந்து தொலைத்தது. வண்டி ஆயிலைக் குடித்துத் தீர்க்காதவரை கெட்டி ஆயிலுக்கு வேலையே இல்லையாம். குளிரில் அது மெல்லத்தான் மேலே ஏறுமாம், முனகலே அதனால்தானாம்.

கடைசியாக மெக்கானிக் பரிதாபமாகக் கேட்டார். "ஈட்ல ஆரும் ஒல்லலையா?"

முன்னறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த டோக்கன் கூப்பிடும் சத்தம் நின்றிருந்தது. டாக்டர் கொக்கியைத் தட்டில் வைத்தார். பூனை மாதிரி நடந்துபோய்க் கதவைச் சாத்தி, தாழையும் போட்டார். திரும்பி வந்து, மரத்துப்போகாத பக்கத்துக் காதில் குனிந்து கேட்டார்:

"இன்னைக்கே மாத்திடலாமா?"