செவிலிமேட்டில் தட்டான் தாழப் பறந்த ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்கு அரக்கோணத்தில் பேருந்து ஏறும்போதே எனக்குப் பயமாக இருந்தது. காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரத்தில், செவிலிமேட்டில், ஒரு சிறிய தேவாலயம். அங்கே ஞாயிறு ஆராதனையில், படைப்பைப் பார்த்து நாம் கற்க வேண்டிய பாடங்கள் என்று நான் பேச வேண்டும். எங்கள் ஊர் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லியே பழகியவள் நான். வெளியூர் சபையில் பேசுவது இதுவே முதல் தடவை. "தெருவில் ஓணான் ஓடினாலே அதில் ஒரு போதனை கண்டுபிடிக்கிறவள் நீ. உனக்கென்ன பயம்?" என்று என் கணவர் கேலி செய்துதான் வழியனுப்பினார்.

ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஐப்பசி மாதம், ஒரு வாரமாக விடாத மழை அன்றுதான் சற்று ஓய்ந்திருந்தது. ஏரிக்கரைகளில் கொக்குகள் நின்றன. கொக்கின் பொறுமை, தேங்கிய நீரின் அமைதி என்று வழியெல்லாம் மனத்துக்குள் பாடம் சேகரித்துக்கொண்டே போனேன்.

ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்தேன். "சர்ச் தெருவா? உள்ள வண்டி போவாதும்மா. பாவு நீட்டிக்கினு இருக்காங்க. முனையில எறங்கி நடந்துடு," என்றார் ஓட்டுநர்.

இறங்கிப் பார்த்தேன். தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அரக்கு நிறம். மூன்று சேலைக்கான பாவாம். தறியில் ஏற்றும் முன் அதை இப்படி நீட்டி, அரிசிக் கஞ்சி ஏற்றி, இழை இழையாகப் பிரித்துக் காயவைக்க வேண்டும். அது சபையைச் சேர்ந்த செல்வம், ராணி தம்பதியின் பாவு. எனக்குக் காலைச் சாப்பாடும் அவர்கள் வீட்டில்தான்.

இட்லியை வைத்துவிட்டு ராணி வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். "வாரம் பூரா மழக்கா. இன்னிக்குத்தான் வெயிலு தலய காட்டுச்சு. ஞாயித்துக்கெழமல வேல செய்யறது தப்புதான். ஆனா எத்தினி நாளு காத்துக்கினு இருக்கறது? கஞ்சி காயறதுக்குள்ள நனஞ்சா இழையெல்லாம் ஒட்டிக்கும், மூணு சேலயும் போச்சு. பத்து மணி வரிக்கும் மழ வரக்கூடாதுன்னு ஜெபம் பண்ணுங்க." பண்ணினேன். அவள் ஆமென் சொல்லிவிட்டு மறுபடியும் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தாள். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

எட்டரைக்கு ஆராதனை. செல்வம் பாவுக்குக் காவலாகத் தெருவிலேயே நின்றுவிட்டார். தேவாலயத்துக்கு நடக்கும்போது, பக்கத்துக் காலி மனையில் தட்டான்கள் கூட்டமாகப் பறந்தன. நல்ல உவமை கிடைத்தது என்று மகிழ்ந்தேன். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

பிரசங்கத்தைத் தட்டுத் தடுமாறித் தொடங்கி, கொக்கைத் தாண்டி, தட்டானுக்கு வந்தேன். "ஒரு சிறு பூச்சிக்குக்கூட வரப்போகிற காலம் தெரிகிறது. இப்போது வரும் வழியில் பார்த்தேன், தட்டான்கள் முழங்கால் உயரத்தில்..."

ராணி எழுந்தாள். "முழங்கால் ஒயரத்துலயாக்கா?"

"ஆமாம்மா," என்றேன். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அடுத்த நொடியில் பெஞ்சுகள் காலியாயின. போதகர்கூட அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். விழித்திருங்கள் என்ற பாடத்தை நான் சொல்வதற்கு முன்பே எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். வெளியே காற்று மாறியிருந்தது.

"சுருட்டாத, ஈரமா இருக்குது! அப்படியே தூக்குங்கப்பா!" என்று செல்வம் கத்தினார். பாவைத் தாங்கிய கழிகளோடு இரு பக்கமும் ஆட்கள் பிடித்து, தளரவிடாமல் தூக்கினோம். எனக்கும் ஒரு கழி. அந்தத் தெருவிலேயே நீளமான கூரை தேவாலயத்தினுடையதுதான். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, பாவின் தலையைப் பீடம் வரை கொண்டுபோனோம். அப்படியும் வால் பக்கம் வாசலுக்கு வெளியே நின்றது. மழை வந்துவிட்டது. குடைகளையும் சாக்கையும் பிடித்தும் கடைசி இரண்டு முழம் நனைந்தது.

கழியைப் பிடித்தபடியே நின்றோம். ராணி என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத்துலயும் ஒரு பாடம் இருக்குதுன்னு சொன்னீங்களேக்கா. இது எனக்கு இன்னா பாடம்? ஞாயித்துக்கெழம நீட்டினதுக்கா?"

வழியெல்லாம் கொக்கையும் ஏரியையும் நான் படித்த விதத்தில்தான் அவளும் மழையைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஆமாம் என்றால் அந்தச் சொல் சாகும்வரை அவள் நெஞ்சில் தைத்திருக்கும். ஏதோ ஒரு நன்மைக்குத்தான் என்று மழுப்பினாலும், அந்த நன்மையைத் தேடியே அவள் அலைவாள்.

"மழைம்மா," என்றேன். "வெறும் மழை. நல்லவங்க கெட்டவங்கன்னு பார்க்காம எல்லார் மேலயும் பெய்யுதுன்னு இயேசுவே சொல்லியிருக்காரு. உன் பேரைக் கேட்டுக்கிட்டு அது வரலை."

அவள் கழியை விடாமலே அழுதாள். செல்வம் வால் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அதற்கு மட்டும் திரும்பக் கஞ்சி போட்டுப் பார்க்கலாம், தேறுமா என்பது இழைகளைப் பிரிக்கும்போதுதான் தெரியும் என்றார். போதகர் கழியைப் பிடித்தபடியே ஆசீர்வாதம் கூறினார். என் பிரசங்கம் முடியவே இல்லை.

மாலை நான்கு மணிக்கு அரக்கோணத்தில் இறங்கினேன். இங்கே மழை இல்லை. எங்கள் ஊரில் வானம் கறுத்தால் மாடியில் காயும் துணியை எடுப்போம், அதோடு சரி. வீட்டுக்குப் போகும் வழியில், பள்ளி மைதானத்தின் மேல் தட்டான்கள் தாழப் பறந்தன. உவமை எதுவும் தோன்றவில்லை. எந்தத் தெருவில் யாருடைய பாவு நீட்டியிருக்கிறதோ என்று வானத்தை அண்ணாந்து பார்த்தேன்.