கடத்தல்காரருக்கு நல்ல பெயர்

ஜெர்மனியின் ஹம் நகரத்து அகதி விடுதியில் நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். சனிக்கிழமைகளில் வீடியோ டெக் வாடகைக்கு வரும். எங்களுக்குள் ஒரு சட்டம்: படம் சரியில்லை என்றால், அதைத் தெரிவு செய்தவன் அடுத்த கிழமை முழுக்கச் சோற்றுப் பானை கழுவ வேண்டும். தீர்ப்பு, மேல்கட்டிலில் படுத்திருக்கும் அண்ணையுடையது. பிடித்தால் எழும்பி உட்காருவார். பிடிக்காவிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். அடிப்பிடித்த பானை என்றாலே எனக்குக் குலைநடுக்கம்.

அந்த முறை தெரிவு என்னுடையது. கடையில் தமிழ்ப் படம் ஏது? அட்டையில் துப்பாக்கி இருந்ததை நம்பி, ஒரு பிரிட்டிஷ் படத்தை எடுத்து வந்தேன். போட்டால், பிரிட்டிஷ்காரர் எல்லோரும் ஜெர்மனில் பேசினார்கள். பாட்டில்லை, சண்டையில்லை. இரண்டு கள்ளர், அவர்கள் கடத்திய ஒரு பணக்காரப் பெண், ஒரே வீடு. நாலாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தயாரிப்பாளருக்கு வக்கில்லை போலும்.

அண்ணை மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் பானையை நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் கள்ளர் அந்தப் பெண்ணை ஓர் அறைக்குள் விட்டுப் பூட்டினார்கள்.

"ஒரு ஆளுக்கு ஒரு அறையோ?" அண்ணை எழும்பி உட்கார்ந்தார்.

தனிக் கட்டில், தடித்த போர்வை, இருந்த இடத்துக்கே சாப்பாடு. அவள் தட்டைத் தூக்கி எறிந்தபோது எங்கள் அறையே கொதித்தது. ஜன்னலால் தப்பப் பார்த்தபோது, "எங்கை போறாய் பிள்ளை? வெளியிலை குளிரெல்லோ!" என்று அண்ணை கத்தினார். கடத்தல்காரருக்கு இவ்வளவு நல்ல பெயர் வேறெந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

பிறகு ஒரு கள்ளன் டேப் ரெக்கோர்டரை அவள் வாய்க்குக் கிட்டப் பிடித்து, வீட்டுக்கு அனுப்பப் பேசச் சொன்னான். எனக்குச் சுகம், சாப்பாடு நல்லது, கவலைப்பட வேண்டாம் என்றாள். முழுப் படத்திலும் எங்களுக்கு விளங்கிய ஜெர்மன் அவ்வளவுதான். ஊருக்கு நாங்களும் கசெட்டில்தான் பேசி அனுப்புவோம். அதே மூன்று வசனம், அதே ஒழுங்கு.

"படம் பரவாயில்லை," என்றார் அண்ணை. என் தலை தப்பியது.

மறுநாள் காலை அவர் ஊருக்கு அனுப்பக் கசெட் பதிய உட்கார்ந்தார். நாங்கள் சத்தம் போடாமல் இருந்தோம்.

"அம்மா, எனக்குச் சுகம். சாப்பாடு நல்லம். கவலைப்படாதேங்கோ."

பொத்தானை அமத்தி நிறுத்தினார். எங்களை ஒருமுறை பார்த்தார். திரும்பவும் அமத்தினார்.

"அம்மா, என்னை ஒருத்தரும் கட்டி வைக்கேல்லை. உங்களாணை, நானாத்தான் சொல்லுறன்."