தொண்ணூறு மில்லிவோல்ட்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஞாயிற்றுக்கிழமை. துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் கிரேன் பராமரிப்பு. அங்கே நான் எலெக்ட்ரீஷியன். அன்று மட்டும் பதினோரு முறை ஏணி ஏறி இறங்கினேன்.
2. மாலை ராயபுரத்தில் தோழியின் நிச்சயதார்த்தம். பிரியாணி இரண்டு தட்டு, பிரெட் அல்வா மூன்று கரண்டி.
3. மறுநாள் காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அதை நிறுத்தக் கை எழவில்லை. கால்களும் எழவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. போர்வையின் சொரசொரப்பு தெளிவாகத் தெரிந்தது.
4. இரண்டாம் மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இறக்கினார்கள்.
5. தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.
6. பாட்டில் பாதி இறங்குவதற்குள், அதுவரை அசைந்துகொண்டிருந்த விரல்களும் நின்றுபோயின.

அம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். அலாரம் அடித்தபடியே இருந்ததால் உள்ளே வந்தார்.

“இன்னா, வேலைக்குப் போலியா?”

“எம்மா, காலு வரல.”

“ராத்திரி தின்ன தின்னிக்கு எப்டி வரும்? எந்திரி.”

என் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. கீழ்வீட்டு செல்வம் மாமாவைக் கூப்பிட்டார். காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டின் குறுகலான படிகளில் நாற்காலியைச் சுமந்துகொண்டே மாமா, “கிரேன் ரிப்பேர் பண்றவள தூக்க ஒரு கிரேன் இல்லியேமா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. முகம் வேலை செய்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் உடம்பு சரியில்லை என்றால் பாட்டில் ஏற்ற வேண்டும். ஒரு பாட்டில் என்றால் சோர்வு, இரண்டு என்றால் சீரியஸ். கிளினிக்கில் அம்மாவே கேட்டார்: “ஒரு குளுக்கோஸ் பாட்டிலு ஏத்தி வுடு சார், தெம்பா எந்திரிச்சிக்கும்.” டாக்டரும் ஏற்றினார். பாட்டில் இறங்க இறங்க நானும் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் (உடலில் மின்னூட்டத்தோடு திரியும் உப்புத் துகள்) மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு ஒன்று புள்ளி ஒன்பது. இ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டப் பதிவு) பார்த்துக்கொண்டே, உப்புநீர் டிரிப்பில் பொட்டாசியத்தை மிக மெதுவாகக் கலந்து செலுத்தினார்கள். மாலையில் விரல்கள் வந்தன. மறுநாள் காலை எழுந்து நின்றேன்.

நரம்பியல் மருத்துவர் என் கட்டில் அருகே உட்கார்ந்து விளக்கினார். தசைச் செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசத்தால் செல்லின் சுவரில் ஏறத்தாழ தொண்ணூறு மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது, உட்பக்கம் எதிர்மின்னாக. டார்ச் செல்லில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதை வைத்துத்தான் நான் ஏணி ஏறுகிறேன்.

எனக்கு ஒன்று இடித்தது. “மேடம், வெளியே பொட்டாசியம் குறைஞ்சா வித்தியாசம் கூடத்தானே செய்யும்? வோல்டேஜ் ஏறணுமே. ஏன் தசை நின்னுபோச்சு?”

அவர் பேனாவை மூடினார். “என்ன படிச்சிருக்கீங்க?”

“டிப்ளமோ, எலெக்ட்ரிகல்.”

“என் ஸ்டூடண்ட்ஸே இதைக் கேக்க மாட்டாங்க.”

மற்றவர்களுக்கு நான் சொன்னபடிதான் ஏறுமாம். என் தசையில் அயனிகள் (மின்னூட்டத் துகள்கள்) போய்வரும் கதவுகளில் ஒரு வகைக்குப் பிறவியிலேயே சிறு கசிவு இருக்கிறது. சாதாரண நாட்களில் பொட்டாசியம் அதைச் சமாளித்துவிடும். வெளியே அது மிகவும் குறைந்துபோனால் கசிவு ஜெயித்துவிடும். தொண்ணூறு அறுபதுக்கு விழும். அந்த அளவில் சோடியம் கதவுகள் (தசையின் மின்துடிப்பைத் தொடங்குபவை) பூட்டிக்கொள்கின்றன. நரம்பு கூப்பிடும், தசை திறக்காது.

“பிரேக்கர் டிரிப் ஆன மாதிரி” என்றேன்.

“அதேதான். குளுக்கோஸ் ஏத்தினா இன்சுலின் சுரக்கும். இன்சுலின் ரத்தத்துல இருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள்ள தள்ளிடும். பிரியாணி செஞ்சதையே பாட்டிலும் செஞ்சிருக்கு.”

நோயின் பெயர் பொட்டாசியக் குறைவால் வந்து போகும் தசைச் செயலிழப்பு. தைராய்டு பரிசோதனை சரியாக இருந்தது. பிறகு வந்த மரபணு முடிவும் அவர் சொன்னதையே உறுதி செய்தது.

அம்மா வாசற்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீடு வந்ததும், “நான்தான பாட்டிலு கேட்டேன்” என்றார். உனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்றேன். “இனிமே தெரியும்ல” என்றார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது, ஒரு மதியத் தூக்கத்துக்குப் பின். அவசரப் பிரிவில் ஒரு பயிற்சி மருத்துவர் கையில் பாட்டிலோடு வந்தார்.

“அது சக்கர பாட்டிலா, உப்பு பாட்டிலா தம்பி?” என்று அம்மா கேட்டார்.

“குளுக்கோஸ்மா. தெம்புக்கு.”

“அத அப்டியே வச்சிடு. என் பொண்ணுக்கு அது ஆவாது. பெரிய டாக்டரம்மா எழ்திக் குட்த்துக்குது, படி. பட்ச்சிட்டு ஊசியத் தொடு.”

அவர் படித்தார். “சாரிம்மா” என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். என்னால் கழுத்தைக்கூடத் திருப்ப முடியவில்லை. ஆனால் அந்த வார்டில் என்னைவிடப் பெருமையாக யாரும் படுத்திருக்கவில்லை.

மிச்சம் இருந்தது வேலை. என் பயம் எல்லாம் அதில்தான். யார்டில் கிரேன் மேலே ஏறும் ஒரே பெண் நான். பொறுப்பு இன்ஜினியர், “ஆபீஸ்ல உக்காரும்மா, ஸ்பேர்ஸ் லிஸ்ட் பாரு” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

மருத்துவரின் கடிதத்தையும் என் பட்டியலையும் அவர் முன் வைத்தேன். தினமும் மாத்திரை. மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. சோறு கொஞ்சம், உப்பு குறைவு, அதனால் கருவாடு இல்லை. தொடையில் கனம் தெரிந்தால் அன்று ஏணி இல்லை. மேலே போகும்போது ஒருவர் கூடவே.

“மேல கை வரலைன்னா?”

“பெல்ட் மாட்டியிருப்பேன் சார். எல்லாருக்கும் அதே விதிதான். அதோட, இது வேலை நடக்கும்போது வர்றதில்ல. முடிச்சு ஓய்ஞ்ச பிறகுதான் வரும்.”

“அப்ப உனக்கு ரெஸ்டே குடுக்கக் கூடாதுன்ற.”

மூன்று மாதம் தரையில் வேலை பார்த்தேன். பிறகு நான் மேலே ஏறலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: பொட்டாசியத்தை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். கூடினாலும் ஆபத்து, அது இதயத்தைப் பிடிக்கும். அளந்து பார்த்து மருத்துவர் சொல்லட்டும். அவர் எழுதித் தரும் சீட்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

இப்போது விழித்ததும் நான் உடனே எழுவதில்லை. கட்டைவிரல், கணுக்கால், முழங்கால், தோள் என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறேன். முன்பெல்லாம் காலை என்பது பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். இப்போது அதில் என்னுடையதாக ஒரு நிமிடம் இருக்கிறது. கோடிக்கணக்கான சிறு கதவுகள் சொன்னபடி திறக்கின்றன என்பதை அந்த நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்கிறேன்.

இன்றைய நிலை: பொட்டாசியம் நான்கு புள்ளி ஒன்று. எட்டு மாதமாகத் தாக்குதல் இல்லை. வலது தொடையில் லேசான பலவீனம் நிற்கிறது, முழுதாகப் போகாமலும் இருக்கலாம். நேற்று கிரேன் மேலே இரண்டு மணி நேரம் வேலை பார்த்தேன்.