அண்ணன் செய்த காது

ஹெட்ஃபோனைப் பார்த்தாலே எனக்கு இன்றைக்கும் ஆகாது. பேருந்தில் ஒருத்தர் தன் காதிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்தில் இருக்கிறவரின் காதில் சொருகுவார். அவரும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வார். கருமம், ஒரு தரம் துடைக்கவாவது வேண்டாமா என்று வாய்வரை வரும். அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த ஹெட்ஃபோன் பட்டாளத்தில் கழித்துப் போட்டது. அறுபதுகளின் நடுவில், அண்ணன் மெட்ராஸ் போனபோது பழைய சாமான் கடையில் அதைப் பிடித்தான். மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி வீடு வரைக்கும், மாப்பிள்ளை மாலையைப் போட்டுக்கொண்டு வருவதுபோல அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்தான். கறுப்பாக இரண்டு கிண்ணங்கள், நடுவே துருப்பிடித்த வளையம். காது படும் இடத்தில் யாரோ ஒரு சிப்பாயின் அழுக்கு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிவிட்டு, அந்த நகத்தைக் கழுவாமலே சோறு தின்ன உட்கார்ந்தான் அவன்.

அண்ணனுக்கு அரூரில் கிளார்க் உத்தியோகம். அது பேருக்குத்தான். உயிரெல்லாம் ரேடியோவில். செம்புக் கம்பியைக் குழாயில் சுற்றுவான், புளியமரத்துக்கும் கூரைக்கும் ஏரியல் கட்டுவான், ஈயத்தை உருக்கி ஒட்டவைத்து வீடு முழுக்கப் புகை கிளப்புவான். கடைசியில் அவன் செய்த ரேடியோப் பெட்டியிலிருந்து அந்த ஹெட்ஃபோனில் பெங்களூர் ஸ்டேஷன் கன்னடத்தில் முனகும். அதைக் கேட்க ஞாயிற்றுக்கிழமையானால் தெருவே வந்து நிற்கும். ஆளுக்கு ஒரு கிண்ணமாக இரண்டு தலைகளை ஒட்டிவைத்துக் கேட்பார்கள். ஒருத்தருக்கு எண்ணெய் வழியும் தலை, இன்னொருத்தருக்குப் பொடுகு. கேட்டு முடித்ததும் கிண்ணத்தைத் தொடையில் ஒரு தேய்ப்பு தேய்த்து அடுத்த ஆளிடம் கொடுப்பார்கள். எல்லாரும் போன பிறகு அந்தக் கிண்ணங்களை முகர்ந்து பார்த்தால் தெருவில் யார் யார் வந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவு அருவருப்புப் படுகிறாளே, இவள் என்ன பெரிய சுத்தக்காரியா என்று கேட்பீர்கள். என் கதை அதைவிடக் கேவலம். சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கு இரண்டு காதிலும் சீழ் வடியும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினார்கள், பச்சிலையைப் பிழிந்தார்கள், சித்தேரி மலையிலிருந்து யாரோ கொண்டுவந்த வேரை அரைத்து ஊற்றினார்கள். சீழ் நிற்கவில்லை. கேட்கிற சக்திதான் போயிற்று. கிட்டத்தில் வந்து கத்தினால் கேட்கும். மற்றபடி எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் எனக்கு அவர்கள் ஊமைதான்.

என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் மூக்கைத் தேய்ப்பார்கள், பிறகு நகர்ந்து உட்காருவார்கள். அப்பாகூட என் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். அம்மா ஒருத்திதான் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. காலையில் என் தலையை மடியில் சாய்த்து, பஞ்சைச் சுருட்டிக் காதைத் துடைத்துவிடுவாள். முடிந்ததும் என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "போ கண்ணு" என்று சிரிப்பாள். உலகத்தில் என்னைக் கண்டு அருவருக்காத ஓர் ஆள் உண்டென்றால் அது அம்மாதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளில் எனக்கு வரன் தேட ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாம் விஷயம் தெரிந்ததும் வந்த வழியே போனார்கள். பொம்மிடிப் பக்கமிருந்து ஓர் இடம் வந்தபோது, காதைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது என்று அப்பா முடிவு கட்டினார். பொண்ணு அதிகம் பேசாது, அடக்கம் என்று தரகரிடம் சொல்லியனுப்பினார். அவர்கள் கேட்கும் கேள்விக்கு இவள் முழித்தால் என்ன செய்வது என்று சித்தி கேட்டாள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை, பக்கத்துத் தெரு. அதற்கு அண்ணன், "அதை எங்கிட்ட வுடுங்க" என்றான்.

டிரான்சிஸ்டர் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம் அது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைக் கொன்று அதன் குடலை எடுத்து, சோப்பு டப்பாவுக்குள் அடைத்து, ஒரு மூலையில் மைக்கின் வில்லையையும், இன்னொரு மூலையில் பேட்டரிக் கட்டையையும் வைத்தான். அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் காதில் சொருகும் இயர்ஃபோன். டப்பா ஜாக்கெட்டுக்குள் தோள்பட்டைப் பக்கம் இருக்கும், கம்பி பின்கழுத்து வழியாகச் சடைக்குள் ஏறும், காதை மல்லிகைப்பூ மறைக்கும். கிறுக்கன்தான். ஆனாலும் கை கெட்டிக்காரக் கை.

வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் அவன் காதில் வைத்தான். பிறகு அப்பா, பிறகு சித்தி. சித்தி காதைக் குடைந்துவிட்டு வைத்துப் பார்த்தாள். அத்தனை பேர் காதும் மணக்க மணக்க அதை என் காதில் திணித்தார்கள். நான் எடுத்துத் திருப்பிக் கொடுத்தபோதுதான் வேடிக்கை. யாரும் கையால் வாங்கவில்லை. அண்ணன் கைக்குட்டையை நீட்டி, "இதுல போடு பாப்பா" என்றான். என் அருவருப்புக்கு மதிப்பில்லை, அவர்கள் அருவருப்புக்கு மட்டும் கைக்குட்டை.

அண்ணன் ஒன்றே ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"காதுகிட்ட கையக் கொண்டு போவாத. சத்தம் திரும்பி மைக்ல போயி வுழுந்தா, திருவிழாவுல மைக் செட்டு கத்துமே, அந்த மாதிரி கத்தும்."

தலையாட்டினேன். கையைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொள்ளப் பழகினேன்.

பெண் பார்க்க வருகிற அன்று காலையில் சித்தி எனக்குத் தலை பின்னி, பூ வைத்து, கம்பியை மறைத்தாள். பிறகு சமையற்கட்டில் அம்மாவுக்கு ஒத்தாசைக்குப் போனாள். நான் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் பேட்டரியைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். புடவை உரசினால் மழை கொட்டுவதுபோல் கேட்டது. அசையாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வடை பொரியும் சத்தம் பிடிபட்டது. அப்புறம் கரண்டி. அப்புறம் பேச்சு. பேசுகிற முகத்தைப் பார்க்காமலே பேச்சு காதில் விழுவது எனக்கு அன்றுதான் முதல் தடவை. திருடியதுபோல் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அவுங்க பூ வெச்சுட்டா போதும்க்கா. அப்பறம் யாரு என்ன பண்ண முடியும்" என்றது சித்தியின் குரல்.

"ஆமா" என்றாள் அம்மா. அப்பளம் காய்ந்துவிட்டதா என்று கேட்கிற அதே குரலில் மேலே சொன்னாள். "காலைல எழுந்திரிச்சா அந்தக் காதத் தொடைக்கணுமேன்னுதான் கண்ணே முழிக்கிறேன். தொடச்சுட்டு வந்தா மத்தியானம் வரைக்கும் எனக்குச் சோறு எறங்கறதில்ல. இத்தன வருஷம் நான் பட்டுட்டேன். இனி அவ போற வூட்டுல எவளாவது படட்டும்."

சித்தி சிரித்தாள். வடை பொரிந்துகொண்டிருந்தது.

இயர்ஃபோன் என் காதில்தான் இருக்கிறது என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சித்திதான் மாட்டிவிட்டவள். தெரிந்தும் பழக்கம் விடவில்லை. இவள் முதுகுக்குப் பின்னால் எதையும் பேசலாம் என்று என் வாழ்நாள் முழுக்கப் பழகியவர்கள். எனக்கு அழுகை வரவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. என் காதை நினைத்தா, அந்தச் சிரிப்பை நினைத்தா, அவள் மடியில் தலையை வைத்துச் சொகுசாகக் கிடந்த என்னை நினைத்தா, எனக்கே தெரியவில்லை. எழுந்து போய் வாந்தி எடுக்கலாம் என்றால் பட்டுப்புடவை கட்டிவிட்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வந்து இறங்கினார்கள். காரியம் கூடிவராமல் பெண் வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பூ வைத்தால் சம்மதம் என்று அர்த்தம், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அதனால் கூடத்தில் போட்ட இலைகள் காலியாகக் கிடந்தன. மாப்பிள்ளையின் அம்மா பருத்த உடம்பு, நல்ல முகம். என்ன படித்திருக்கிறாய், தைக்கத் தெரியுமா, ராகிக் களி கிண்டுவாயா என்று கேட்டார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அண்ணன் தூணோரம் நின்று, பரீட்சையில் பாஸானவன்போல் பல்லைக் காட்டினான்.

"எனக்குப் புடிச்சுப் போச்சுங்க. நல்லதுக்கு நேரம் பாக்க வேண்டியதில்ல. பூ வெச்சுடறேன்" என்று அந்த அம்மா எழுந்தார்.

கையைக் காதுகிட்டே கொண்டு போகாதே என்று எனக்குப் பாடம் நடத்தினார்களே, பூ வைக்க வருகிறவள் கை எங்கே போகும் என்று இந்த வீட்டில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை. அந்த அம்மா குனிந்து, பூச்சரத்தை என் காதுக்கு மேல் சொருக, உள்ளங்கை காதை மூடியது. இயர்ஃபோன் வீல் என்று கத்தியது. என் தலைக்குள் ஊசி இறங்கியது. வெளியே கேட்டதும் சின்னச் சத்தமில்லை. அந்த அம்மா பூவைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

"ஒண்ணுமில்லீங்க, கூட்ஸு வண்டி. ஸ்டேசன் கிட்டயே இருக்குதில்ல" என்றார் அப்பா.

அந்த அம்மா நம்பிவிட்டார். என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது அதுதான். நம்பிவிட்டு, விழுந்த பூவை எடுக்கக் குனிந்தார். எடுத்து வைத்துவிட்டால் முடிந்தது, கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் பஞ்சு அவர் கைக்குப் போய்விடும்.

பூவைத் தள்ளி, இயர்ஃபோனைப் பிடுங்கினேன். முனையில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அப்படியே அவர் கையில் வைத்தேன்.

"எனக்குக் காது கேக்காதுங்க. சீழ் வடியும். இது இருந்தாத்தான் கேக்கும்" என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. கூடம் முழுக்கத் திரும்பியது.

அவர் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்தவில்லை, திட்டவில்லை. இயர்ஃபோனைப் பாயில் வைத்துவிட்டு, விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அவர் வாய் அசைந்தது. "சொன்னதுக்குப் புண்ணியம் கண்ணு" என்று படித்தேன். வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். வடையில் ஒன்றுகூட யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லா வாயும் ஒரே சமயத்தில் அசைந்தன. எதையும் பிடிக்க முடியாமல், பாயில் கிடந்த இயர்ஃபோனை எடுத்து மறுபடி சொருகிக்கொண்டேன். அப்பா என் எதிரில் வந்து நின்றார்.

"கூடி வந்த காரியத்தக் கெடுத்தியே, உனக்குப் புத்தி இருக்குதா? ஏண்டி புடுங்குன?"

சமையற்கட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல அந்த முகத்தை வைத்துக்கொண்டாள், பாவம் என் பொண்ணு என்கிற முகம்.

"இந்தக் காதத் தொடச்சா அம்மாவுக்கு மத்தியானம் வரைக்கும் சோறு எறங்கலியாம். அந்த அம்மாவும் தெரியாம வந்து மாட்டி, சோறு எறங்காமக் கெடக்க வேணாம்னுதான்" என்றேன்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தி உள்ளே போய்விட்டாள். அம்மாவின் முகத்தில் இருந்தது அப்படியே கழன்று விழுந்தது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் மட்டும் அப்பாவை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். கண் இரண்டும் விரிந்திருந்தன. அப்படியொரு சந்தோஷத்தை அவன் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"சமயக்கட்டுல பேசுனதா? அந்த அறைக்கா? அடுப்புச் சத்தத்தத் தாண்டியா எடுத்துச்சு?"

"ஒரு எழுத்து வுடாம எடுத்துச்சுண்ணா" என்றேன், அம்மாவைப் பார்த்துக்கொண்டே.