முயலின் தாடையில் நீலம்

மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் ஒரு வெள்ளை முயல் இருந்தது. பேருக்குத்தான் அவளுடையது, நாளெல்லாம் என் பின்னால்தான் சுற்றும். காய் நறுக்க உட்கார்ந்தால் என் மடியில் முன்கால்களை வைத்து எம்பிப் பார்க்கும்.

ஒருநாள் அதன் தாடைக்குக் கீழே முடி நீலமாக இருந்தது. மகளின் பேனா மை என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. மறுநாள் நாற்றமடித்தது. முடியை விலக்கினால் தோல் சிவந்து நீர் கசிந்தது. கூடையில் வைத்து, மன்னார்புரம் பக்கம் இருந்த கால்நடை மருத்துவரிடம் நானும் மகளும் பஸ்ஸில் கொண்டுபோனோம்.

"மை இல்லீங்க, இது கிருமி," என்றார் அந்த டாக்டரம்மா. "ஈரம் காயாம இருந்தா ஒரு பாக்டீரியா வளரும். அதுதான் முடியை நீலமாக்குது."

வாயைத் திறந்து டார்ச் அடித்தார். கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கைக் குத்தியிருந்தது. அதனால்தான் ஓயாமல் எச்சில் வடிந்திருக்கிறது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் தேய்த்துச் சரிசெய்தார். முடியை மழித்தார். புண்ணை ஒற்றியெடுத்த பஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"வீட்ல ஆன்டிபயாடிக் மாத்திரை இருக்கு, குடுக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, வேண்டாங்க! நாம சாப்பிடுற சில மாத்திரை முயலோட குடலைக் கெடுத்து உயிரையே எடுத்துடும். நான் தர்றதை மட்டும் குடுங்க. காலையும் சாயங்காலமும் கழுவி, நல்லா ஒத்தி உலர வைங்க."

முதல் நாள் மகள்தான் பிடித்தாள். மருந்து நீர் பட்டதும் முயல் வீறிட்டது. முயலுக்குக் குரல் உண்டென்றே எங்களுக்கு அன்றுதான் தெரியும். "என்னால முடியலம்மா," என்று அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். அதன்பின் நானே துண்டில் சுற்றி, முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு எல்லாம் செய்தேன். அதன் நெஞ்சு படபடப்பது என் தொடையில் தெரியும்.

புண் ஆறியது. வெள்ளை முடி முளைத்தது. "நல்லாப் பாத்துக்கிட்டீங்க," என்றார் மருத்துவர்.

ஆனால் என் கால் சத்தம் கேட்டாலே முயல் கட்டிலுக்கடியில் ஓடிவிடும். மகளிடம் மட்டும் ஒட்டிக்கொண்டது. நாளானால் மறந்துவிடும் என்று காத்திருந்தேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போனபின் வீட்டில் பெரும்பாலும் நானும் முயலும்தான். கொத்தமல்லித் தழையை நீட்டிக்கொண்டு தரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அது வராது. தட்டை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். சற்று நேரத்தில் உள்ளே கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் கேட்கும்.